நாற்பது கவடு

அந்த வருடம் வசந்தம் தொடங்கியதில் இருந்து எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் நித்திரை வந்தது. மெத்ரோ ரயிலில் வந்தது, பல் வைத்தியரின் கதிரையில் வந்தது, ஒருநாள் கோயில் பூசையில் தூணோடு சாய்ந்து நின்றபடியே வந்தது. நாங்கள் குடியிருக்கும் செயின்ட்-மிஷேலில் இருந்து விடியற்காலையில் வெளிக்கிட்டு ஆறரைக்குள் வேலைக்குப் போய்ச் சேரவேண்டும். நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். எழுப்புவது, கழுவுவது, உடுத்துவது, சக்கர நாற்காலியில் இருத்துவது, சாப்பாடு ஊட்டுவது, மறுபடி கட்டிலில் கிடத்துவது. என் பொறுப்பில் ஒன்பது பேர். உடன் வேலை செய்பவர் யாராவது வராத நாட்களில் பன்னிரண்டு பேர். பதினாறு வருடங்களாக இதுதான் செய்கிறேன்.

வீட்டில் கணவர் இருந்தார். களஞ்சியசாலை ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கி முதுகில் வட்டு விலகி, அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. யன்னலோரக் கதிரையில் இருந்து தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பார். மருந்துக் கடைக்குப் போய்வருவார். அதற்கு அப்பால் போவதில்லை. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. நான் வேலையால் வந்ததும் தேத்தண்ணி வைத்துத் தருவார், நான் குடித்துவிட்டுப் படுப்பேன். கதைப்பதற்கு இருவருக்கும் தெம்பில்லை, அவ்வளவுதான்.

நான் பார்க்கும் ஒன்பது பேரில் ஒரு மூதாட்டி இருந்தார். நகரத்தின் நிலஅளவை அலுவலகத்தில் வரைபடம் வரையும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இரண்டு கால்களும் இயங்காமல் விழுந்துபோய் எங்களிடம் வந்தார். அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்கக்கூடிய பிரெஞ்சில் கதைப்பார். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் வேகமாகச் சொல்லிவிட்டு, நான் விழிப்பதைக் கண்டு அதையே இன்னும் பலத்த குரலில் சொல்வார்கள்.

மே மாதத்தில் ஒருநாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறையா என்று கேட்டார். ஒன்றுவிட்ட ஞாயிறு விடுமுறை என்றேன். அப்படியானால் ஒரு கடிதப்பெட்டியைப் போய்ப் பார்த்துவர முடியுமா என்றார். கடிதம் ஏதோ போடச் சொல்கிறார் என்று நினைத்து, கீழே வாசலிலேயே பெட்டி இருக்கிறது, கடிதத்தைத் தாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

பிறகு சொன்னார். சிலர் இதை ஒரு பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்களாம். சிறிய பெட்டி ஒன்றைக் காட்டிலோ பழைய பாதை ஒன்றின் ஓரத்திலோ ஒளித்து வைப்பார்கள். உள்ளே கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்றும் எழுத ஒரு கொப்பியும் இருக்கும். பெட்டி எங்கே இருக்கிறது என்பதற்கு நாலு வரியில் குறிப்பு எழுதி வெளியிடுவார்கள். அதை வைத்துத் தேடிக் கண்டுபிடிப்பவர் பெட்டியின் முத்திரையைத் தன் புத்தகத்தில் குத்திக்கொள்வார், தன் முத்திரையைப் பெட்டியின் கொப்பியில் குத்துவார், பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்.

“பிறகு?” என்று கேட்டேன்.

“அவ்வளவுதான்” என்றார்.

அவரும் கணவரும் வைத்த பெட்டி லஷீன் பக்கத்தில், ஆறு கொந்தளித்து ஓடும் இடத்தின் கரையில் இருந்தது. எங்கள் நகரம் இருக்கும் இந்தத் தீவுக்கு முதலில் குடியேற வந்தவர்களின் படகுகள் அந்த நீரோட்டத்தை ஏறிக் கடக்க முடியவில்லை. படகை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சைத் தோளில் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்தார்கள். அவர்கள் நடந்து நடந்து உண்டான பாதையில் இப்போது சைக்கிள்கள் ஓடுகின்றன. கணவர் போன பிறகும் அவர் வருடத்துக்கு ஒருதடவை தனியாகப் போய்ப் பெட்டியைப் பார்த்து வந்தார். கால் விழுந்த பின் போகவில்லை. கரையில் நகரத்தார் ஏதோ வேலை செய்ததாகச் செய்தியில் கேட்டிருக்கிறார். பெட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும் என்றார். குறிப்பை என் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டேன். தகவல் பலகைக்கு முதுகு காட்டி நின்று, ஆறு வரும் திசைக்கு நாற்பது கவடு எடுத்து வைக்கவேண்டும். அங்கே ஓர் அடியில் இருந்து கிளைத்த இரட்டை மரம். ஆற்றுக்கு மறுபக்கத்து வேரில், தட்டைக் கல்லுக்குக் கீழே.

ஏன் ஒப்புக்கொண்டேன் என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். இரண்டு தடவை மெத்ரோ மாறி, பிறகு பஸ். ஜூன் மாதத்து முதல் ஞாயிறு. கரையோர மரங்களில் இருந்து பஞ்சு பறந்து மூக்கிலும் வாயிலும் புகுந்தது. பலகையைக் கண்டுபிடித்தேன். முதுகு காட்டி நின்று நாற்பது கவடு எண்ணி வைத்தேன். அங்கே முட்பற்றைதான் இருந்தது. இரட்டை மரம் இல்லை. திரும்பப் போய் மறுபடி எண்ணினேன். அதே பற்றை.

நான் குனிந்து பற்றைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு தம்பதி நின்று, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் போகாமல் நின்றார்கள். சேலை உடுத்தாவிட்டாலும் நான் யார் என்பது முகத்தில் எழுதியிருக்கிறது. வீட்டுக் கதவின் திறப்பு விழுந்துவிட்டது என்றேன். அவர்களும் கொஞ்ச நேரம் திறப்பைத் தேடித் தந்தார்கள். அவர்கள் போன பின் எனக்குத் தேடும் மனம் விட்டுப்போயிற்று. நுளம்பு இரண்டு கையையும் கடித்துத் தின்றுவிட்டது. ஆற்றைப் பார்த்தபடி ஒரு மர வாங்கில் உட்கார்ந்தேன், அப்படியே நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை, விடுமுறை நாளும் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை அவருக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். போனாயா என்று கேட்டார்.

“போனேன். இருக்கிறது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் எங்கே தேடினாய், எப்படி எண்ணினாய் என்று விளக்கவேண்டி வரும். அதற்கு வேண்டிய பிரெஞ்சு அந்தக் காலை நேரத்தில் என்னிடம் இல்லை. பக்கத்து அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் விடவில்லை. முத்திரை இன்னும் பதிகிறதா என்று கேட்டார்.

“நன்றாகப் பதிகிறது. படகு அழகாக இருக்கிறது” என்றேன். குடியேறிகள், ஆறு என்று இருந்ததால் படகாகத்தான் இருக்கும் என்று வாய் போனபோக்கில் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு “நல்லது” என்றார். மற்றக் காலை நீட்ட அவரால் முடியாது, நான்தான் தூக்கி மற்றக் காலுறையையும் போட்டேன். அன்று மத்தியானம், யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்த மேப்பிள் பிஸ்கற் டின் ஒன்றை என் மடியில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோ என்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

கணவர் தேத்தண்ணியோடு ஒரு பிஸ்கற்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இது எதற்குத் தந்தது என்று கேட்டார். சாதாரணமாக ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். அன்றைக்கு அந்த டின்னைப் பார்க்கப் பார்க்க ஒருமாதிரி இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைப் பற்றி, பற்றையைப் பற்றி, திறப்புத் தேடித் தந்தவர்களைப் பற்றி, படகைப் பற்றி. மாதக்கணக்கில் நாங்கள் அவ்வளவு நேரம் தொடர்ந்து கதைத்ததில்லை. அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

“பிஸ்கற்றையும் திண்டாச்சு” என்றார். “அப்ப போய்ப் பாக்கத்தானே வேணும்.”

“நான் இன்னொருக்கா அவ்வளவு தூரம் போகேலாது.”

“நானும் வாறன்.”

அவர் வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் அடுத்த விடுமுறை ஞாயிறு, நான் எழும்பி வரும்போது முதுகுப் பட்டியைக் கட்டிக்கொண்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். பயணம் இரண்டு மடங்கு நேரம் எடுத்தது. மெத்ரோப் படிகளில் நின்று நின்று ஏறினார். பஸ்ஸால் இறங்கி ஆற்றங்கரைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழும்பினோம். ஒவ்வொரு தடவையும் திரும்பிவிடுவோமா என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. வலிதான் தெரிந்தது. ஆனாலும் வீட்டில் இருக்கும் முகம் அல்ல அது.

பலகையடியில் நின்று நான் முன்போலவே எண்ணிக் காட்டினேன். அதே முட்பற்றையில் போய் நின்றேன். அவர் பலகையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்ததும் கேட்டார்.

“அந்த மனுசி என்ன உயரம்?”

“ஆருக்குத் தெரியும்? அவ எழும்பி நிண்டு நான் காணேல்லை.”

“நாப்பது கவடு எண்டால் ஆரின்ரை கவடு? உம்மடையோ, அவவின்ரையோ?”

ஒவ்வொரு நாளும் அந்த மூதாட்டியைத் தூக்குகிறேன். அவருடைய நிறை என் தோளுக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியும். எந்தப் பக்கம் சரிவார், எங்கே பிடித்தால் நோகும் என்று தெரியும். அவர் எவ்வளவு உயரமானவர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தேன். கட்டிலின் முடிவில் அவர் கால்கள் பலகையில் இடிக்கும், அதற்காக நான்தான் தலையணை வைப்பேன். அவருடைய இரவு உடுப்பு மற்றவர்களுக்கு நிலத்தில் இழுபடும், அவருக்குக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

“நல்ல உயரம்” என்றேன். “உங்களை விட உயரம்.”

கணவரால் அகலக் கால்வைக்க முடியாது. நான்தான் வைக்க வேண்டியிருந்தது. வெள்ள வாய்க்காலைத் தாண்டுவதுபோல ஒவ்வொரு கவடாக வைத்தேன். ஐம்பத்திரண்டு வயதில், பூங்கா நிறைந்த சனத்துக்கு நடுவில். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். முட்பற்றையைத் தாண்டி, இன்னும் ஒன்பது பத்துக் கவடு தாண்டி, ஒரு மரத்தடியில் நின்றேன். இரட்டை மரம் அல்ல, ஒற்றை மரம். அதன் பக்கத்தில் இலைகளுக்குள் மறைந்து, தட்டையாக அறுத்துவிட்ட ஓர் அடிக்கட்டை. இரண்டுக்கும் ஒரே வேர்.

ஆற்றுக்கு மறுபக்கம் போய்க் குந்தினேன். தட்டைக் கல் ஒன்று சருகுக்குள் கிடந்தது. கீழே கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, சோற்றுப் பெட்டி அளவில் ஒரு பச்சைப் பிளாஸ்ரிக் பெட்டி. கணவர் மெதுவாக நடந்து வந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு மிகவும் கஷ்டப்பட்டு என் பக்கத்தில் இருந்தார்.

உள்ளே எல்லாம் காய்ந்திருந்தது. ஒரு கொப்பி, மைத் தட்டு, துணியில் சுற்றிய முத்திரை. துணியை அவிழ்த்தேன். படகு அல்ல. சப்பாத்துச் சோடி. நாடா அவிழ்ந்த, குதி தேய்ந்த ஒரு சோடி நடைச் சப்பாத்து.

குடியேறிகள் படகை விட்டு இறங்கி நடந்த பாதை என்று மூதாட்டி சொல்லித்தான் இருந்தார். நான் கேட்டுக்கொண்டும் இருந்தேன். ‘நல்லது’ என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. பிஸ்கற் டின்னை மடியில் வைக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அறைக்கு அறை ஓடித் திரிந்த அந்த இரண்டு வாரமும், தெரிந்துகொண்டே என்னிடம் முதுகு தேய்க்கக் கொடுத்திருக்கிறார்.

“என்ன?” என்றார் கணவர்.

முத்திரையைக் காட்டினேன். அவர் கொப்பியை எடுத்து ஒவ்வொரு ஒற்றையாகத் திருப்பினார். முதல் பக்கங்களில் இரண்டு முத்திரைகள் பக்கத்தில் பக்கத்தில் குத்தப்பட்டிருந்தன, ஓர் அளவுகோலும் ஒரு மீனும். மூதாட்டியுடையதும் அவர் கணவருடையதுமாக இருக்கவேண்டும். இடையில் வேறு ஆட்கள். இல்-பிசாரில் இருந்து பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம். மழையில் நனைந்துகொண்டு எழுதிய ஒருவர். விவாகரத்துக் கடிதத்தில் கையெழுத்து வைத்த மறுநாள் வந்ததாக எழுதியிருந்த இன்னொருவர். பிறகு அளவுகோல் மட்டும் தனியாக, வருடத்துக்கு ஒன்று. கடைசியாக அளவுகோல் இருந்த இடத்தில், கால் நோகிறது, வரும் வருடம் பார்ப்போம் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகும் ஏழெட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள்.

எங்களிடம் முத்திரை இல்லை. முத்திரை இல்லாதவர்கள் பெருவிரலைப் பதித்திருந்தார்கள். கணவரின் விரல் சுழி சுழியாகத் தெளிவாக விழுந்தது. என்னுடையது வெறும் கறுப்பு வட்டமாகத்தான் வந்தது. கைகழுவும் மருந்தும் ப்ளீச்சும் பட்டுப் பட்டு என் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. கடைசியாகக் குடிவரவு அலுவலகத்தில் கைரேகை எடுத்தபோதும் இயந்திரம் எடுக்காமல், அந்தப் பெண் என் விரலைப் பிடித்துத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். கணவர் பேனையை எடுத்துக் கீழே தமிழில் எழுதினார்: ‘வந்திட்டம். முதுகு நோகுது.’

மருந்துக் கடைக் கடதாசிப் பை ஒன்றைக் கிழித்து, அதில் சப்பாத்துச் சோடியைக் குத்தி எடுத்துக்கொண்டேன். பெட்டியை முன்போலவே சுற்றி வைத்து, கல்லால் மூடினேன். அவரை எழுப்பி நிறுத்த வேலையில் செய்வதுபோலக் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கவேண்டியிருந்தது.

மறுநாள் காலை மூதாட்டியை உடுத்தி நாற்காலியில் இருத்திய பிறகு, கதவைச் சாத்திவிட்டு அந்தக் கடதாசியை அவர் கையில் கொடுத்தேன். முதல்தடவை நான் கண்டுபிடிக்கவில்லை, பொய் சொன்னேன் என்றேன். மன்னிப்புக் கேட்பதற்கான நல்ல பிரெஞ்சு வசனம் ஒன்றை மெத்ரோவில் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அது வாயில் வரவில்லை.

“தெரியும்” என்றார். “அதில் படகு இல்லை.”

“ஏன் கேட்கவில்லை?”

“நீ போனாய் என்றும் தெரியும். உன் கையெல்லாம் நுளம்புக் கடி.” பிறகு, “நீ மிகவும் களைத்திருந்தாய்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கட்டில் விரிப்பை உருவுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மை காய்ந்துவருகிறது என்றார். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இரட்டை மரத்தில் ஒன்றை அறுத்துவிட்டார்கள் என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. என் பொய்க்குக் கோபப்படாதவர் அதற்குக் கோபப்பட்டார். எந்த மரம், ஆற்றுப் பக்கத்ததா மற்றதா, யார் அறுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த மரத்தை அவரும் இறந்துபோன அவர் கணவரும் சேர்ந்து தெரிந்தெடுத்திருப்பார்கள்.

மரம் மாறியதால் குறிப்பையும் மாற்றவேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் எழுத்துப் பிழைகளை விரலால் தட்டிக் காட்டுவார். காலையில் உடுத்தும் நேரத்துக்குள் ஒரு வரிக்குமேல் போகாது, அதனால் நாலு வரிக்கு நாலு நாள் எடுத்தது. கவடு என்ற இடம் வந்ததும் நிறுத்தி, நீ சாதாரணமாக நடந்தால் எத்தனை வரும் என்று கேட்டார். கிட்டத்தட்ட ஐம்பத்தொன்று என்றேன். அப்படியே போடு, எல்லோரும் என்னைப்போல நெட்டையாக இருக்கமாட்டார்கள் என்றார். அந்தக் குறிப்பை லாவாலில் இருக்கும் எங்கள் மகள்தான் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டாள். தொலைபேசியில், அம்மா உங்களுக்கு ஏன் இந்த வேலை என்று பிரெஞ்சில் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்றேன்.

இலையுதிர் காலத்தில் மூதாட்டியை ஐந்தாம் மாடிக்கு மாற்றினார்கள். நினைவு குழம்பத் தொடங்கியவர்கள் இருக்கும் மாடி அது. அங்கே வேறு ஆட்கள் வேலை. இடைவேளையில் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவை என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தார். பிறகு போனபோது, சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவள் என்று நினைத்து நன்றி சொன்னார். அவருடைய பழைய கட்டிலில் இப்போது ஒரு கிழவர் இருக்கிறார். கட்டையானவர், ஆனால் கனதியான உடம்பு. தூக்க இரண்டுபேர் வேண்டும்.

கணவருக்கு முதுகு நோவு மாறிவிட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு பெட்டியைப் பார்க்க வெளிக்கிட்டுப் போகிறார். புது மைத் தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். பனி காலத்தில் கல்லை உறைபனி பிடித்திருந்ததாம், கையால் தட்டித் தட்டி எடுத்தாராம். திரும்பி வந்து புதிதாக யார் வந்தது, என்ன எழுதியது என்று எனக்குச் சொல்வார். என்னையும் வரச்சொல்லிக் கேட்பார்.

“நீங்கள் போயிட்டு வாங்கோ” என்பேன். “எனக்குக் கொஞ்சம் படுக்கோணும்.”

அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும்வரை விழித்திருப்பேன். பிறகு நித்திரையாகிவிடுவேன்.